பதினைந்து கிலோ

பாபுராவ் தெருவில்
லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே
தஸ்தகீர் பேக்கிங்.
நான்தான் தஸ்தகீர்.
விமானம் ஏறியதில்லை.
ஏறுகிறவர்களின் பெட்டியை
பதினோரு வருஷமாக மூடித் தருகிறேன்.

கத்தரிக்கோல் வயிற்றில் போகும் பெட்டிக்கு.
பவர்பேங்க் கையோடு;
அது கோபக்காரப் பிள்ளை,
கண்ணெதிரே இருக்க வேண்டும்.
இன்சுலினும் கையோடு, டாக்டர் சீட்டோடு.
குடியாத்தத்துத் தீப்பெட்டி
எதிலும் ஆகாது.
மலிவென்று பத்துக் கட்டு வாங்கிய சிலிகுரிக்காரர்
என்னிடமே விட்டுப் போனார்,
ஒரு வருஷம் எங்கள் அடுப்புக்கு ஆயிற்று.
கொப்பரை கூடாது, எண்ணெய் இருக்கிறதாம்.
ஆற்காட்டு மக்கன்பேடாவுக்கு
மூன்று பாலித்தீன், மேலே டேப்.
முள்ளுக் கத்தரிக்காய் தாராளமாகப் போகலாம்.
அந்த முள்ளை ஆயுதமென்று
இதுவரை ஆபீசர் யாரும் சொல்லவில்லை.

மிதாலி தேப்நாத் வந்தபோது
மழை தூறிக்கொண்டிருந்தது.
அகர்தலா. சென்னையில் ஏறி, கல்கத்தாவில் மாறி.
"கத்தோ கிலோ?" என்றேன்.
எடை, விலை, தண்ணீர், நாளைக்கு:
என் வங்காளம் அவ்வளவுதான்.

வரும்போது இரண்டு பேர்.
இரண்டு பேருக்கு முப்பது கிலோ.
ஒருவருக்குப் பதினைந்து.
இது என் சட்டமில்லை
என்று சொல்லத் தெரியாமல்
தராசுக் கொக்கியில் பெட்டியை மாட்டினேன்.
இருபத்தாறரை.

அவளே எடுத்து வைத்தாள்,
வேகமாக, சந்தையில் அழுகல் பொறுக்குகிறவளைப் போல.
ஸ்டவ். குக்கர். இரண்டு போர்வை.
அவருடைய சட்டைகளில் ஒன்றை விட்டு மற்றதெல்லாம்.
எம்.ஆர்.ஐ. படங்கள் எடையே இல்லை,
அகலம்தான் அதிகம்;
சுருட்டப் போனேன், தடுத்தாள்.
பதினாலு எண்ணூறு.
போதும், என்று ஜிப்பை இழுத்தேன்.

அப்போதுதான் தோள்பையிலிருந்து
செம்புக் கலசத்தை எடுத்தாள்.
வாயில் சிவப்புத் துணி.
பாலாற்றங்கரையிலிருந்து நேரே வந்திருந்தது.

கையில் கொண்டு போகலாம், தடையில்லை.
இறப்புச் சான்றிதழ், மயான ரசீது,
இரண்டுக்கும் இரண்டு நகல்.
ஆனால் செம்பு.
மிஷினுக்குச் செம்புக்குள் கண் தெரியாது.
திறந்து காட்டு என்பார்கள்,
பின்னால் இருபது பேர்
பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு நிற்கும்போது.

இதற்கு என்னிடம் வங்காளம் இல்லை.
கலசத்தை விரலால் தட்டினேன்.
உள்ளங்கையால் என் கண்ணை மூடிக் காட்டி
தலையசைத்தேன்.

"ஸ்கேன்?" என்றாள்.

ஆமாம்மா.
இன்னும் ஒரே ஒரு ஸ்கேன்.

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
நாற்பத்திரண்டு நாளில்
எத்தனை தடவை அவரை
அந்தக் குழாய்க்குள் தள்ளியிருப்பார்கள்,
எத்தனை தடவை கதவுக்கு வெளியே
அவருடைய மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும்
கைக்குட்டையில் முடிந்து நின்றிருப்பாள்.
உலோகம் எதுவும் கூடாது என்பதை
எனக்கு முன்பே படித்தவள்.

எதிர்க் கடையில் புது டப்பா வாங்கி வந்தேன்.
வெள்ளைப் பிளாஸ்டிக், திருகு மூடி,
எங்கள் வீட்டில் உப்புப் போடுகிற மாதிரி.
அவள் மாற்றுகிற நேரம்
தெருப்பக்கம் திரும்பி நின்றேன்.
ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது.
பழக்கத்தில் டேப்பைக் கையிலெடுத்து
திரும்ப வைத்துவிட்டேன்.

காலிக் கலசம் அறுநூற்று நாற்பது கிராம்.
அதை விடமாட்டேன் என்றாள்.
பதினைந்து நானூற்று நாற்பது.
கவுண்டரில் விட்டாலும் விடுவார்கள்,
எல்லாம் அன்றைக்கு உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது.
அவள் அதற்குக் காத்திருக்கவில்லை.
அடியில் கைவிட்டு
அட்டைப்பெட்டியோடு ஒரு ஜோடி ஷூவை உருவினாள்.
ஆம்பூர்த் தோல். போடாத லேஸ்.
ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பில்
உள்ளேயே இருந்தது.

பேக்கிங் இருநூற்றைம்பது.
கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.
டப்பாவுக்கு மட்டும் காசு வேண்டாமென்றேன்.
அதையும் எண்ணி வைத்துவிட்டு
ஆட்டோவில் ஏறினாள்,
மடியில் டப்பா, காலடியில் பெட்டி,
பக்கத்து இருக்கை காலி.

ஷூ பலகைமேல் இருக்கிறது.
வருகிறவர்கள் விலை கேட்கிறார்கள்.
சைஸ் எட்டு, என்று மட்டும் சொல்கிறேன்.
என் கால் ஒன்பது.